சிபில் ஸ்கோரை விடுங்க, ரிப்போர்ட்டைத் திறங்க

லோன் கேட்டு பேங்குக்குப் போறோம், ஆதார் பான் ரெண்டையும் நீட்டுறோம், ரெண்டு நிமிஷத்துல அந்தப் பக்கம் ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் வந்துடுது, அதுதான் சிபில் ஸ்கோர். 780ன்னா காபி வருது, 640ன்னா "மேனேஜர் லீவு சார், அடுத்த வாரம் வாங்க"ன்னு பதில் வருது. இதனாலயே நாமளும் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருக்கோம். ஆனா அந்த நம்பர் எதுல இருந்து வருதோ அந்த ரிப்போர்ட்டை முழுசா படிச்சவங்க ரொம்ப கம்மி, இன்னைக்கு அதைத்தான் பாக்கப் போறோம்.

சின்னதா ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன். சிபில் மட்டும் இல்ல, நாம கடனை எப்படிக் கட்டுறோம்னு பதிவு பண்ணி ஸ்கோர் போடுற வேலைய இந்தியாவுல மொத்தம் நாலு கம்பெனி பண்ணுது: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். எல்லாத்துலயும் ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும்தான், ஆனா கணக்குப் போடுற விதம் ஆளாளுக்கு வேற, அதனால ஒண்ணுல 760 இன்னொண்ணுல 735ன்னு இருந்தா பதறாதீங்க. நாலு பேருமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஃப்ரீயா தரணும், 2017 ஜனவரியில இருந்து ரிசர்வ் பேங்க் போட்ட ரூல் இது. நீங்களே எடுத்துப் பாத்தா ஸ்கோர் குறையாது. நாலஞ்சு ஆப்ல ஒரே வாரத்துல லோன் அப்ளை பண்ணினாத்தான் அடி விழும், ஏன்னா ஒவ்வொருத்தரும் உங்க ரிப்போர்ட்டை எடுத்தது அதுல என்கொயரின்னு பதிவாகுது.

(ஸ்க்ரீன்ல: ரிப்போர்ட்டோட கணக்குப் பகுதி)

இப்போ ரிப்போர்ட் திறந்தாச்சு. மேல பேரு, பான், அட்ரஸ், ஃபோன் நம்பர், சரியா இருக்கான்னு பாத்துட்டு கீழ வாங்க. ஒவ்வொரு லோனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் கீழ மாச வாரியா குட்டி குட்டி கட்டம், 36 மாசம் வரைக்கும் இருக்கும். அதுல இருக்குறதுதான் டிபிடி, அதாவது கட்ட வேண்டிய தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கிற கணக்கு. 000 இருந்தா நீங்க நல்ல பிள்ளை. மூணு எக்ஸ் இருந்தா அந்த மாசம் பேங்க் தகவலே அனுப்பல, அதுக்கு நீங்க பயப்பட வேண்டாம்.

ஒரு கணக்கு பாருங்க. யாரோ மால்ல நின்னு வற்புறுத்துனாங்கன்னு ஒரு கார்டு வாங்குறீங்க, ஒரு தடவை தேய்ச்சுட்டு டிராயர்ல போட்டுட்டீங்க. வருஷக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, மொத்தம் 590 ரூபாய் பில் வருது, ஜூன் 5க்குள்ள கட்டணும், மெயில் ஸ்பாம்ல கிடக்கு நீங்க பாக்கல. ஜூன் கடைசியில கட்டத்துல 025, ஜூலை கடைசியில 056, ஆகஸ்ட் கடைசியில 087. அந்தக் கட்டத்துக்கு 590 ரூபாயா 5 லட்சமாங்கிறது தெரியாது, நாள் மட்டும்தான் தெரியும். வீட்டு லோன் இஎம்ஐய மாசாமாசம் டாண்ணு கட்டுற ஆளுக்கு இந்த 590 ரூபா ஸ்கோரை இழுத்து கீழ தள்ளிடும், கொடுமைதான் ஆனா அப்படித்தான் வேலை செய்யுது. வேண்டாத கார்டுன்னா டிராயர்ல போடாம பேங்க்ல சொல்லி குளோஸ் பண்ணி லெட்டர் வாங்கிடுங்க.

அடுத்து ஸ்டேட்டஸ், அதாவது அந்தக் கணக்கு இப்போ எந்த நிலைமையில இருக்குங்கிறது. இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. கார்டுல 80,000 பாக்கி, கலெக்‌ஷன் ஆள் ஃபோன் பண்ணி "35,000 கட்டுங்க சார், கணக்கை முடிச்சுடலாம்"னு சொல்றாரு, நாமளும் 45,000 மிச்சம்னு சந்தோஷமா கட்டிடுறோம். ரிப்போர்ட்ல அது குளோஸ்டுன்னு வராது, செட்டில்டுன்னு வரும், அப்படின்னா முழுசா கட்டலைன்னு அர்த்தம். நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா மேனேஜர் கண்ணு நேரா அங்கதான் போகும், அந்த பாக்கியக் கட்டி பாக்கி இல்லைன்னு நோ டியூ சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாரு. வேற வழியே இல்லாத நிலைமைன்னா செட்டில் பண்ணுங்க, தப்பு சொல்லல, ஆனா என்ன எழுதப் போறாங்கன்னு தெரிஞ்சு பண்ணுங்க.

மச்சான் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அதுவும் உங்க ரிப்போர்ட்ல உக்காந்திருக்கும், அவரு கட்டலைன்னா அடி உங்களுக்கும்தான். பேங்க்ல வச்ச நகைக் கடனும் வரும், திருப்ப மறந்தா அதுவும் பாக்கிதான்.

சரி, கட்டி முடிச்ச லோன் இன்னும் பாக்கின்னு காட்டுதா? முதல்ல ஒரு மாசம் பொறுங்க, பேங்குங்க குறிப்பிட்ட நாள் இடைவெளியிலதான் தகவல் அனுப்புறாங்க, இன்னைக்குக் கட்டினது நாளைக்கே மாறாது. அப்புறமும் மாறலைன்னா ரிப்போர்ட் குடுத்த கம்பெனி சைட்லயே டிஸ்ப்யூட், அதாவது இது தப்புன்னு புகார் போடுங்க, ஃப்ரீதான், பேங்குக்கும் எழுத்துல குடுத்து புகார் நம்பர் வாங்கி வச்சுக்குங்க. 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, 50வது நாள் சரி பண்ணினா 2,000 ரூபா. அதுக்கும் அசையலைன்னா புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே புகார் போடலாம், 2022 செப்டம்பர்ல இருந்து இந்த நாலு கம்பெனியும் அதுக்குள்ள வருது.

"5,000 குடுங்க, ரிப்போர்ட்டை கிளீன் பண்ணித் தர்றோம்"னு வாட்ஸ்அப்ல வர்ற ஆளுங்களுக்கு மட்டும் ஓடிபி குடுத்துடாதீங்க. தப்பா இருக்குறத மாத்த டிஸ்ப்யூட் போதும், அதை நீங்களே போடலாம். நிஜமா கட்டாம விட்டத எந்த ஏஜென்ட்டாலயும் அழிக்க முடியாது.