லினக்ஸில வீடியோவத் தட்டினா எந்தப் பிளேயர் திறக்க வேணும்? | திருகோணமலை வ்லாக்

வணக்கம் உறவுகளே, திருகோணமலை உப்புவெளியில இருந்து கதைக்கிறன். பின்னால காகம் கத்துறது கேக்கும். யன்னலப் பூட்டினா வேர்த்துக் கொட்டும், அதால அப்பிடியே விடுறன். இண்டைக்குக் கடற்கரையும் இல்ல, கோட்டைக்குள்ள மேயிற மானும் இல்ல, என்ர லப்டொப் திரையத்தான் பாக்கப் போறீங்கள். லினக்ஸில ஒரு வீடியோவையோ பாட்டையோ தட்டினா எந்தப் பிளேயர் திறக்க வேணும் எண்டதை ஆர் தீர்மானிக்கிறது, அதை நாங்கள் எப்பிடி மாத்துறது எண்டுதான் இண்டைக்குக் கதை.

சொந்தக்காரர், அயலட்டை எண்டு கொஞ்சப் பேருக்கு நான் லினக்ஸ் மின்ட் எண்ட லினக்ஸ் வகையப் போட்டுக் குடுத்திருக்கிறன். விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குற பழைய லப்டொப்புகள். போட்டுக் குடுத்தா முதல்ல வாற கேள்வி வைரஸப் பற்றியும் இல்ல, பிரிண்டரப் பற்றியும் இல்ல. "தம்பி, கனடாவில இருந்து மகள் அனுப்பின வொய்ஸத் தட்டினா ஏன் பாட்டு லைப்ரரி முழுக்கத் திறக்குது?" நியாயமான கேள்விதானே. அரை நிமிசக் குரலக் கேக்கிறதுக்கு றித்ம்பொக்ஸ் மாதிரி ஒரு பெரிய மியூசிக் பிளேயர் வரத் தேவையில்ல.

லேசான வழிய முதல்ல சொல்லிப்போட்டு வாறன். மின்டில பைலுக்கு மேல ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், அங்க "ஓப்பன் வித்" எண்டொரு பக்கம். பிளேயரத் தெரிவு செய்து "செட் அஸ் டிபோல்ட்" குடுங்கோ. டிபோல்ட் எண்டா தட்டினா தானா திறக்கிற ஆள். உபுண்டு மாதிரி க்னோம் எண்ட டெஸ்க்டொப் இருக்கிற லினக்ஸ் எண்டா ரைட் கிளிக், "ஓப்பன் வித்", கீழ "இந்த வகைக்கு எப்பவும் இதையே பாவி" எண்ட மாதிரி ஒரு சுவிச் இருக்கும், அதப் போட்டிட்டுத் திறவுங்கோ. கேடிஇ எண்ட மற்ற டெஸ்க்டொப்பப் பாவிக்கிற ஆக்கள் சிஸ்டம் செட்டிங்ஸில "பைல் அசோசியேசன்ஸ்" போனா ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை இருக்கும், மேல நிக்கிறவர்தான் ராசா. இவ்வளவோட வேலை முடிஞ்சுதெண்டா வீடியோவ நிப்பாட்டிட்டுப் போகலாம், நான் கோவிக்க மாட்டன்.

கனபேருக்கு முடியாது, அதுதான் பிரச்சினை. எம்பி4-க்கு மாத்தினா எம்கேவி பழையபடிதான் திறக்குது. செட்டிங்ஸில "வீடியோ" எண்டுற இடத்தில விஎல்சி பிளேயரப் போட்டும் ஒரு சில பைல் மட்டும் சொல்வழி கேக்குதில்ல. என்னண்டா, லினக்ஸுக்கு "வீடியோ" எண்டு ஒரே ஒரு சாமான் கிடையாது. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு வகைப் பேர் இருக்கு, அதுக்கு மைம் டைப் எண்டு சொல்லுறது. எம்பி4 வீடியோவுக்கு "வீடியோ/எம்பி4". எம்பி3 பாட்டுக்கு "ஓடியோ/எம்பெக்". அந்த வட்ஸ்அப் வொய்ஸ் இருக்கே, அது ஓப்பஸ் பைல். அதின்ர வகை "ஓடியோ/எக்ஸ்-ஓப்பஸ்+ஓக்". பாத்தீங்களோ, எம்பி3-க்கு நீங்கள் என்னத்தப் போட்டாலும் இதுக்குக் காதில விழாது. வகை வேற, டிபோல்டும் வேற.

க்னோம் செட்டிங்ஸில டிபோல்ட் அப்ஸ் பக்கத்தில "வீடியோ" எண்டு ஒரு வரி இருக்குத்தானே, அதில விஎல்சி எண்டு போட்டா உள்ளுக்க என்ன நடக்குது? ஒவ்வொரு பிளேயரும் தனக்கெண்டு டொட் டெஸ்க்டொப் எண்டு முடியிற ஒரு சின்ன பைல் வைச்சிருக்கும். அதில "மைம்டைப்" எண்டு ஒரு நீட்டு வரி. என்னால இன்னின்ன வகை திறக்க ஏலும் எண்டு அந்தப் பிளேயரே எழுதி வைச்ச பட்டியல் அது. செட்டிங்ஸ் அந்தப் பட்டியலில இருக்கிற வீடியோ வகைகளை மட்டும் எடுத்து மாத்தும். பட்டியலில இல்லாத வகை பழைய ஆளிட்டயே கிடக்கும். செட்டிங்ஸில பிழை இல்ல, அது செய்யுறது அவ்வளவுதான்.

அதால முதல்ல பைலிட்டயே கேளுங்கோ, நீ என்ன வகை எண்டு. கட்டளை அடிக்கிற ஜன்னலான டேர்மினலத் திறவுங்கோ, பயப்பிட வேண்டாம். எக்ஸ்டிஜி ஹைபன் மைம், இடைவெளி, குவெரி, இடைவெளி, பைல்டைப், இடைவெளி, பேந்து பைலின்ர பேர். பேர அடிக்கப் பஞ்சியா இருந்தா பைல இழுத்து டேர்மினலுக்க விட்டா தானா எழுதுப்படும். எல்லாம் சின்ன எழுத்து, திரையில இருக்கிறதப் பாத்து அடியுங்கோ. என்டர் தட்டினா வகை வந்திரும்.

இதக் கேட்டுத்தான் தெரிஞ்சு கொள்ள வேணும், எங்கயோ பழைய குறிப்பில இருந்து கொப்பி பண்ணினா சரிவராது. ஏவிஐ பைலப் பாருங்கோ. முந்தின லினக்ஸில அது "வீடியோ/எக்ஸ்-எம்எஸ்வீடியோ", புதுசில "வீடியோ/விஎன்டி.ஏவிஐ" எண்டு சொல்லும். இன்னொண்டு, கலியாண வீடியோ எடுக்கிற ஆக்கள் கமராவில இருந்து அப்பிடியே பென் டிரைவில போட்டுத் தாற எம்டிஎஸ் பைல். அதின்ர வகை "வீடியோ/எம்பி2டி". டிஎஸ் எண்டு முடியிற டீவி ரெக்கோடிங்கும் அதே வகைதான். ஆனா டிஎஸ் எண்டு முடியிற வேற பைலுகளும் உலகத்தில இருக்கு, கியூட்டி எண்ட புரோகிராம் எழுதுற ஆக்களின்ர மொழிபெயர்ப்பு பைலும் டிஎஸ்தான். அதால சிஸ்டம் பேர மட்டும் பாக்காம பைலுக்க முதல் கொஞ்சத்தையும் வாசிச்சுப் பாத்துத்தான் இது வீடியோ எண்டு முடிவெடுக்கும். கெட்டித்தனம்தான், என்ன?

வகை தெரிஞ்சாப் பிறகு மாத்துறது ஒரு வரி. எனக்குப் பிடிச்சது ஜிஐஓ எண்ட கட்டளை. ஜிஐஓ, இடைவெளி, மைம், இடைவெளி, வீடியோ சாய்கோடு எம்பி4 எண்டு அடிச்சாப் போதும், இப்ப டிபோல்ட் ஆர், இத வேற ஆர் ஆர் திறப்பினம் எண்டு எல்லாரின்ர பேரும் வரும். அதே வரியின்ர கடைசியில ஒரு இடைவெளி விட்டு விஎல்சி டொட் டெஸ்க்டொப் எண்டு சேர்த்து அடிச்சா, மாறிட்டுது. எக்ஸ்டிஜி மைமிலயும் டிபோல்ட் எண்டு போட்டு இதச் செய்யலாம், ஒரே வரியில கன வகையக் குடுக்கலாம் எண்டது அதில வசதி. ஆனா இல்லாத பிளேயரின்ர பேரக் குடுத்தாலும் அது வாய் திறக்காது, சத்தமில்லாம எழுதிப்போட்டு இருந்திரும். ஜிஐஓ எண்டா அந்த இடத்திலயே பிழை எண்டு சொல்லும். அதுக்காகத்தான் நான் ஜிஐஓ பக்கம்.

கனபேர் வழுக்குற இடம் இந்தப் பேர்தான். அப்ட், ஸ்னாப், பிளட்பக் எண்டது லினக்ஸில புரோகிராம் போடுற மூண்டு வழி. விஎல்சிய அப்ட் மூலமாப் போட்டிருந்தா பேர் விஎல்சி டொட் டெஸ்க்டொப். ஸ்னாப்பில போட்டிருந்தா விஎல்சி, அடிக்கோடு, விஎல்சி, டொட் டெஸ்க்டொப். பிளட்பக்கில எண்டா ஓஆர்ஜி டொட் வீடியோலான் டொட் விஎல்சி டொட் டெஸ்க்டொப், அதிலயும் கடைசி விஎல்சி பெரிய எழுத்து. ஒரே பிளேயர், மூண்டு பேர். ஸ்னாப்ப அழிச்சிட்டு அப்டில திரும்பப் போட்ட ஆக்களுக்கு டிபோல்ட் தானா வேற பிளேயருக்குப் போறது இதாலதான். பழைய பேர் எழுதின இடத்தில கிடக்கும், அந்தப் பேரில ஆள் இல்ல, சிஸ்டம் அடுத்த ஆளத் தேடிப் போயிரும்.

எழுதின இடம் எது? உங்கட ஹோம் போல்டருக்க கொன்ட்ரோல் எச் தட்டுங்கோ, மறைஞ்சிருக்கிறதெல்லாம் தெரியும். டொட் கொன்பிக் எண்ட போல்டர், அதுக்க மைம்ஆப்ஸ் டொட் லிஸ்ட். சாதாரண டெக்ஸ்ட் பைல். நீங்கள் மவுஸால மாத்தினாலும் சரி, டேர்மினலில மாத்தினாலும் சரி, கடைசியா வந்து விழுறது இதுக்கதான். "டிபோல்ட் அப்ளிகேசன்ஸ்" எண்ட தலைப்புக்குக் கீழ வரிவரியா வகை, சமன் குறி, பிளேயர். அரைப்புள்ளி போட்டு ரெண்டு மூண்டு பிளேயரையும் எழுதலாம், முதல் ஆள் இல்லாட்டி அடுத்த ஆள். "ரிமூவ்ட் அசோசியேசன்ஸ்" எண்டும் ஒரு தலைப்பு இருக்கும், ஒரு பிளேயர் ஓப்பன் வித் பட்டியலிலயே தலை காட்டக் கூடாது எண்டா அதுக்க போடுறது. உங்கட மாத்தம் ஒண்டும் பலிக்குதில்ல எண்டா அதே போல்டரில க்னோம் ஹைபன் மைம்ஆப்ஸ் டொட் லிஸ்ட் எண்டோ, கேடிஇ எண்டு தொடங்கியோ ஒண்டு கிடக்குதோ எண்டும் பாருங்கோ. அந்த டெஸ்க்டொப்புக்கு அதுதான் முந்தும்.

எந்தப் பிளேயர் நல்லது எண்டு கேப்பீங்கள். மின்டில 2019 கடைசியில வந்த 19.3-ல இருந்து செல்லுலாய்ட்தான் கூட வாறது. அது எம்பிவி எண்ட பிளேயருக்கு ஒரு சட்டை போட்ட மாதிரி, உள்ளுக்க ஓடுறது எம்பிவி. பழைய மெஷினுக்கு அது திறம். விஎல்சி எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள், பாரிஸில ஒரு பொறியியல் கல்லூரிப் பெடியள் தொடங்கினது, 2001-ல இருந்து கட்டற்ற மென்பொருள். என்ர தெரிவு இப்பிடி: வீடியோ எல்லாம் செல்லுலாய்ட், தனித்தனியா வாற வொய்ஸ், ஓப்பஸ், எம்4ஏ எல்லாம் விஎல்சி. றித்ம்பொக்ஸ் எதுக்கும் டிபோல்ட் இல்ல. பாட்டுப் போல்டர் கேக்க வேணுமெண்டா நானே அதத் திறப்பன், அது என்னத் தேடி வரத் தேவையில்ல.

சத்தம் வருது, படம் கறுப்பா இருக்குது எண்டா அது வேற வருத்தம். கோடெக், அதாவது அந்த வீடியோவ விரிச்சுக் காட்டுற மென்பொருள் துண்டு, இல்ல எண்டு பெரும்பாலும் அர்த்தம். போனில எச்இவிசி எண்ட முறையில சுருக்கி எடுத்த வீடியோவுக்கு க்னோமின்ர பிளேயரில இப்பிடி வரலாம். மின்டில மின்ட்-மெட்டா-கோடெக்ஸ், உபுண்டுவில உபுண்டு-ரெஸ்ட்ரிக்டெட்-எக்ஸ்ட்ராஸ் போட்டுப் பாருங்கோ. டிபோல்ட மாத்தி மாத்தி இருந்து பிரயோசனமில்ல. பிரவுசருக்கும் இந்தப் பட்டியல் முழுசாச் செல்லாது, பயர்பொக்ஸ் எம்பி4-ஐத் தானே ஓட்டும், அதுக்கெண்டு அதின்ர செட்டிங்ஸில தனிப் பட்டியல் இருக்கு.

வீட்டில பழைய கலியாண டிவிடி வைச்சிருக்கிற ஆக்களுக்கு: தட்டு போட்ட உடன எது திறக்க வேணும் எண்டதும் ஒரு வகைதான், "எக்ஸ்-கொன்டென்ட்/வீடியோ-டிவிடி". மின்டில பிரிஃபர்ட் அப்ளிகேசன்ஸுக்க ரிமூவபிள் மீடியா எண்ட பக்கத்தில மாத்தலாம். கலியாண டிவிடிக்குப் பூட்டு இருக்காது, நேரா ஓடும். கடையில வாங்கின படத் தட்டுக்குத்தான் பூட்டத் திறக்கிற லிப்டிவிடிசிஎஸ்எஸ் எண்ட மென்பொருள் வேணும்.

ரியூசன் சென்ரரில அஞ்சாறு மெஷின் வைச்சு நடத்துற சேர்மார், ரீச்சர்மார் ஆரும் பாத்தா, ஒவ்வொரு பிள்ளையின்ர கணக்கிலயும் போய் இதச் செய்ய வேண்டாம். ஒரு மெஷினில சரியா எழுதின மைம்ஆப்ஸ் டொட் லிஸ்ட்ட ஈடிசிக்க இருக்கிற எக்ஸ்டிஜி போல்டருக்க சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரம், போட்டு வைச்சா அந்த மெஷினில எல்லாருக்கும் அதுதான். பிள்ளை தன்ர கணக்கில மாத்தினா பிள்ளையின்ர பட்டியல்தான் முந்தும், அது பிள்ளையோட நிக்கும். அது பிடிக்காட்டி பிள்ளையின்ர டொட் கொன்பிக்கில இருக்கிற பைலத் திறந்து அந்த வகைக்குரிய வரிய அழிச்சு விடுங்கோ, திரும்ப உங்கட பட்டியலுக்கு வந்திரும்.

சரி உறவுகளே, கட்டளை எல்லாம் கீழ டிஸ்கிரிப்சனில போட்டு விடுறன். அடுத்த முறை எம்பிவியில தமிழ் சப்டைட்டில் எழுத்து உடைஞ்சு வாறதப் பாப்பம்.