மிட் ஆனும் பாதிச் சவரமும்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வணக்கம் சொல்லவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடத்தை நான் மிச்சம் பிடித்து, பின்னால் ஒரு கதைக்குச் செலவழிக்கிறேன்.

வானொலி கிரிக்கெட்டில் நம் மக்கள் மனத்தைப் பிடித்தது ஆங்கில வர்ணனையா, தமிழ் வர்ணனையா என்பது தலைப்பு. அண்ணன் ஆங்கிலத்துக்காக வாதாடினார். அருமையாகப் பேசினார். தமிழில் பேசினார்.

அவர் ஒரு கேலி செய்தார். "மிட் ஆன், ஸ்லிப், கவர் என்று ஆட்டக்காரர் நிற்கிற இடத்துக்கெல்லாம் பெயர் சொல்கிறார்களே, இதெல்லாம் தமிழா? பாதி ஆங்கிலம் கலந்ததைக் கேட்பதற்கு முழு ஆங்கிலத்தையே கேட்டுவிட்டுப் போகலாமே" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நாகரிகம் கருதி.

அண்ணன் மேடை ஏறியதும் முதலில் சொன்னது என்ன? "தம்பி, மைக்கைக் கொஞ்சம் இறக்குப்பா." அவர் கணக்குப்படி அது ஆங்கிலம்! நாளைக்கு பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறார், கண்டக்டர் சில்லறை தராமல் போய்விடுகிறார் என்று வையுங்கள். பஸ், டிக்கெட், கண்டக்டர் மூன்றும் ஆங்கிலச் சொல். ஆனால் அந்தச் சண்டையை அண்ணன் எந்த மொழியில் போடுவார்? சண்டை எந்த மொழியில் வருகிறதோ, கிரிக்கெட்டும் அந்த மொழியில்தான் ஐயா வரும்.

இன்னொன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வர்ணனை அப்போது தனியாக வரவில்லை. ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வரும். விக்கெட் விழுகிற நேரம் பார்த்து இந்தி வந்துவிடும். அவுட்டானது யார் என்பது அடுத்த ஆங்கில முறை வரும்வரை எங்கள் தெருவுக்கு மர்மம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் சொன்னபோது அந்தக் கவலை இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. கிழமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும். சேப்பாக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட், ஐந்தாம் நாள். நாம் 348 அடித்தால் வெற்றி. கோவில்பட்டியில் என் தாத்தா சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். நான் பெஞ்சில். அலமாரியில் வானொலி, தமிழ் வர்ணனை. சலூன் அண்ணாச்சி வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்தில் நுரை போடுகிறார். கடைசி ஓவர் ஆரம்பிக்கிறது.

கிரெக் மாத்யூஸ் வீசுகிறார். நான்கு ஓட்டம் தேவை. கையில் ஒரே ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், அப்புறம் ஒன்று. இரண்டு அணியும் சமம். மூன்று பந்து பாக்கி, எதிரில் மணீந்தர் சிங். ஒரே ஒரு ஓட்டம்!

அண்ணாச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி சொல்கிறேன், காட்சியைப் பாருங்கள். வலது கன்னம் மழமழ. இடது கன்னத்தில் நுரை. அண்ணாச்சி கையில் கத்தி. கத்திக்கு நேர் கீழே தாத்தாவின் தொண்டை. தாத்தா எச்சில்கூட விழுங்கவில்லை. அந்த நிமிடம் மணீந்தர் சிங்கை விட ஆபத்தில் இருந்தவர் என் தாத்தாதான்!

நான்காவது பந்தில் ஒன்றுமில்லை. ஐந்தாவது பந்து காலில் பட்டது, நடுவர் விக்ரம்ராஜு அவுட் என்று கையைத் தூக்கிவிட்டார். 347. ஆட்டம் சமன். 1960-இல் பிரிஸ்பேனுக்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறை.

அண்ணாச்சி கத்தியை வைத்துவிட்டு நேரே டீக்கடைக்குப் போனார். "பந்து மட்டையில பட்டுத்தான்யா கால்ல பட்டுச்சு, அது அவுட்டே இல்ல!" என்று அங்கே இருந்த ஆறு பேரோடு மல்லுக்கட்டினார். அவர் பார்த்தாரா? இல்லை, கேட்டார். ஆனால் மிட் ஆனில் நின்றவனைப் போல வாதாடினார். அந்த மிட் ஆனை அவருக்குக் காட்டியது யார், அண்ணனே?

தாத்தாவின் நுரை காய்ந்தது. அண்ணாச்சி திரும்பவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் செவ்வாய், சலூன் விடுமுறை. ஆக, புதன் காலைவரை தாத்தா பாதி முகத்தோடு நடமாடினார். பாட்டி கேட்டார்: "மேட்ச்ல யாரு ஜெயிச்சா?" "யாரும் ஜெயிக்கல." "அப்ப நீங்க ஏன் இப்படி வந்திருக்கீக?" தாத்தா சொன்னார்: "ஆட்டமும் இப்படித்தான் முடிஞ்சது."

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். இன்னும் ஒரு நிமிடம்.

1999 ஜனவரி 31. அதே சேப்பாக்கம், எதிரில் பாகிஸ்தான். அதற்குள் சர்க்கரை நோய் தாத்தாவின் கண்ணை வாங்கிவிட்டது. வீட்டில் டிவி வந்திருந்தது. அவருக்காக டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் வானொலியைத் தமிழில் வைத்தோம். நாங்கள் பார்த்தோம், அவர் கேட்டார். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட்டானபோது 17 ஓட்டம் தேவை, கையில் மூன்று விக்கெட். அதற்குப் பிறகு வந்தது நான்கே ஓட்டம். 12 ஓட்டத்தில் தோற்றோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டிவியை அணைக்கப் போனேன். தாத்தா கையைப் பிடித்து நிறுத்தினார். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வருவதையும், சேப்பாக்கமே எழுந்து நின்று அவர்களுக்குக் கை தட்டுவதையும் வானொலி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. தாத்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வானொலி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கை தட்டினார்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து பாட்டி ஓடி வந்தார். "ஜெயிச்சுட்டமா?"

"தோத்துட்டோம் பாட்டி."

"பிறகு எதுக்கு இந்த மனுசன் எந்திரிச்சு நிக்கிறாரு?"

தாத்தா தட்டுவதை நிறுத்தவில்லை. "அங்க அம்புட்டுப் பேரும் நிக்காக. நான் மட்டும் உக்காந்திருக்கவா?"

வணக்கம்.