1 லிட்டர் பாலுக்கு 400 லிட்டர் ரத்தம்! ஆடு, மாடு, கோழி வளர்க்கும் வீட்டில் ஒரு நாள்

[திரை இருட்டு. வாளியில் பால் விழும் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தம் என்னவென்று தெரிகிறதா? வெறும் வாளியில் பால் பீய்ச்சும்போது முதலில் கணீரென்று கேட்கும். பால் ஏற ஏற மெத்தென்று மாறிவிடும். இப்படி நிறையும் ஒவ்வொரு லிட்டருக்கும் பசுவின் மடி வழியாக 400, 500 லிட்டர் ரத்தம் ஓடியிருக்க வேண்டும்!

பயந்துவிடாதீர்கள், ரத்தம் செலவாவதில்லை. பசுவின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 30, 40 லிட்டர்தான். அதே ரத்தம் மறுபடி மறுபடி மடிக்கு வந்து, பாலுக்கு வேண்டிய சத்தையும் தண்ணீரையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. மாடு படுத்திருக்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

[தொழுவம். விடியற்காலை.]

வணக்கம். இரண்டு மாடு, நாலைந்து ஆடு, கொஞ்சம் கோழிகள். இவற்றை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பொழுது எப்படிப் போகும் என்றுதான் பார்க்கப் போகிறோம். மனிதன் ஆட்டையும் மாட்டையும் பழக்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. வரலாறு அவ்வளவு போதும், வாருங்கள் உள்ளே போவோம்.

காலையில் முதல் வேலை வாளியைத் தூக்குவது இல்லை. நின்று பார்ப்பது. ராத்திரி போட்ட தீவனம் மிச்சம் இருக்கிறதா? சாணம் வழக்கம்போல் இருக்கிறதா, தண்ணீராகப் போயிருக்கிறதா? எது கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கிறது? இந்த இரண்டு நிமிடப் பார்வையைவிட முக்கியமான வேலை அந்த நாளில் வேறு இல்லை என்பேன். மாடு வாய் திறந்து சொல்லாது, ஆனால் எதையும் மறைக்கவும் தெரியாது.

அப்புறம் கறவை. இந்த வீடியோவை எடுக்கவே காரணம் இந்தப் பகுதிதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மடியில் பால் தயாராக இருக்கிறது, காம்பை இழுத்தால் வந்துவிடும் என்று நினைக்கிறோம் இல்லையா? பசுவிடம் அது நடக்காது. பாலில் பெரும்பகுதி மடிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் தங்கியிருக்கிறது. காம்புக்கு மேலே உள்ள அறையில் இருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி இறங்க வேண்டுமானால் பசுவின் மூளை உத்தரவு கொடுக்க வேண்டும்.

கன்று முட்டும்போதோ, நாம் மடியைக் கழுவித் துடைக்கும்போதோ மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கிளம்புகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் அது ரத்தத்தோடு மடிக்கு வந்து, அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்குகிறது. மடி விம்முகிறது, பால் இறங்குகிறது. வாளிச் சத்தத்தைக் கேட்டாலே சில மாடுகளுக்குப் பால் இறங்கிவிடும்!

ஆனால் இதற்குக் கெடு உண்டு. ஏழெட்டு நிமிடத்தில் வேகம் அடங்கிவிடும். மடியைக் கழுவிவிட்டுப் போனில் பேசப் போனால் அவ்வளவுதான். அந்த நேரத்தில் நாய் குரைத்தது, யாரோ கத்தினார்கள், மாட்டை ஓர் அடி அடித்தார்கள் என்றால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாலை நிறுத்திவிடும். "மாடு பாலை அடக்கிக்கொண்டது" என்று கோபப்படுவோம். அது பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறது. அதனால் மாட்டிடம் மெதுவாகப் பேசுவதும், தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறப்பதும் வெறும் பாசத்தோடு முடிவதில்லை. வாளியிலும் தெரியும்.

இப்போது வெள்ளாட்டைப் பாருங்கள். அதன் மடியில் காம்புக்கு மேலுள்ள அறை பெரியது, பாலில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கும். அதனால் ஆடு இந்த உத்தரவுக்கெல்லாம் அவ்வளவாகக் காத்திருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கும் இரண்டு பிராணிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்! எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் போடுங்கள். காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை தின்றுகொண்டு நின்றால் நல்லது. உடனே சாணத்தில் படுத்துவிட்டால் கிருமி உள்ளே ஏறி மடிவீக்கம் வரலாம்.

சாணம் அள்ளுவது, தொழுவம் கழுவுவது, புல் அறுப்பது எல்லாம் தினமும் உண்டு, முதுகு வலிக்கும். தண்ணீர் தாராளமாக வேண்டும், நன்றாகக் கறக்கும் பெரிய மாடு நாளைக்கு 100 லிட்டர்கூடக் குடிக்கும்.

[மதியம். நிழலில் படுத்து அசை போடும் மாடு.]

ஓய்வு எடுப்பதுபோல் தெரிகிறதா? கடும் உழைப்பு நடக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 8 மணி நேரம் அசை போடவே போகிறது. தின்னும்போதும் அசை போடும்போதும் ஊறும் உமிழ்நீர் பெரிய மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல்கூடப் போகும். அதில் சோடா உப்பு மாதிரியான காரம் இருக்கிறது, வயிற்றில் சேரும் அமிலத்தை அதுதான் சமன் செய்கிறது. ஆசையாகப் பார்க்கிறதே என்று ஒரு கூடை தானியத்தை ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள். அமிலம் எகிறி மாடு செத்துப்போகும் அளவுக்கு ஆகலாம். தயவுசெய்து இதை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கோழிக்கு வருவோம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம், அதில் ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம். அதனால்தான் முட்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்து, ஒரு நாள் வராமலே போகிறது. கோழியைத் திட்டாதீர்கள்.

[இரவு. டார்ச் வெளிச்சம்.]

சில ராத்திரி தூக்கம் கிடையாது. சினைமாட்டுக்கு 280 நாள் கணக்கு நெருங்கினால் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் அதற்குப் போய்ச் சேருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் குடலின் வாசல் மணிக்கு மணி சுருங்கி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மூடிவிடும். பிறந்த சில மணி நேரத்துக்குள் 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பாலாவது உள்ளே போக வேண்டும். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலம் கடந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை படுத்திருக்கும் மாட்டைப் பார்த்தால் நின்று எண்ணுங்கள். ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து, விழுங்குவதற்குள் எத்தனை முறை மெல்லுகிறது? 50, 60 வரை போகலாம். விழுங்கியதும் கழுத்தில் ஒன்று கீழே இறங்கும், சில நொடியில் அடுத்தது மேலே ஏறும். அது கண்ணுக்கே தெரியும். எண்ணிப் பார்த்துக் கமெண்ட்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.