66 வெள்ளிக்கு லேசர் பிரிண்டர்! தவறாகப் போட்ட விலைக்குக் கடை விற்றே ஆக வேண்டுமா?

[திரையில்: 3,854 என்ற எண் அடிக்கப்பட்டு 66 ஆகிறது]

3,854 சிங்கப்பூர் வெள்ளி (அதாவது சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள கலர் லேசர் பிரிண்டர், ஓர் இணையக் கடையில் 66 வெள்ளிக்குக் கிடக்கிறது. நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆறு பேர் அதைப் பார்த்துவிடுகிறார்கள். எத்தனை வாங்கியிருப்பார்கள்? ஆளுக்கு ஒன்று? இரண்டு? மொத்தம் 1,606! சராசரி போட்டால் ஒருவருக்குச் சுமார் 268 பிரிண்டர். இவ்வளவுக்கும் பேப்பர் எங்கே வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். பிரிண்ட் எடுக்கவா வாங்கினார்கள்?

கடை தர மாட்டேன் என்றது. ஆறு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். யார் ஜெயித்தது என்று இப்போதே சொன்னால் நீங்கள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவீர்கள். அதனால் முதலில் கொஞ்சம் சட்டம். போரான பகுதிதான், சட்டென்று முடித்துவிடுகிறேன்.

கடையில் ஒட்டியிருக்கும் விலை ஒரு வாக்குறுதி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் அப்படி இல்லை. அது "வாருங்கள், பேசலாம்" என்கிற அழைப்பு மட்டும்தான். வாங்குகிறேன் என்று கேட்பது நாம், சரி என்று ஒப்புக்கொள்வது கடை. அந்த "சரி" வந்தால்தான் ஒப்பந்தம். 1959-இல் இங்கிலாந்தில் ஒரு கடைக்காரர் தடைசெய்யப்பட்ட மடக்குக் கத்தியை விலைச்சீட்டோடு கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். அதை விற்க முன்வந்தார் என்று வழக்கு. காட்சிக்கு வைப்பது விற்க முன்வருவது ஆகாது என்று சொல்லி கோர்ட் அவரை விட்டுவிட்டது. அவ்வளவுதான், சட்ட வகுப்பு முடிந்தது.

இணையத்தில் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? அந்த "சரி"யைச் சொல்வது மனிதர் இல்லை, தானாகப் போகும் மின்னஞ்சல். இரவு இரண்டு மணிக்கும் அது தூங்காமல் "உங்கள் ஆர்டர் வெற்றி" என்று அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். 2003 ஜனவரி, டிஜிலேண்ட்மால் என்கிற சிங்கப்பூர் இணையக் கடை. புதிய விலைப் படிவத்தைப் பழகுவதற்காக ஓர் ஊழியர் 55, 66, 77 என்று வாய்க்கு வந்த எண்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பரீட்சை எழுதும் முன் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அந்தக் கிறுக்கல் நேராக நிஜத் தளத்துக்குப் போய்விட்டது. ஜனவரி 8-ஆம் தேதி ஏறிய விலையை 13-ஆம் தேதி வரை கடையில் யாரும் கவனிக்கவே இல்லை! மொத்தம் 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள். நம் ஆறு பேரைக் கழித்துவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு மூன்றுதான் வருகிறது.

இந்த ஆறு பேரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. படித்தவர்கள், நண்பர்கள். அதில் ஒருவர் வழக்கறிஞரே! ராத்திரியோடு ராத்திரியாக ஒருவருக்கொருவர் சாட் செய்து, மின்னஞ்சல் தட்டி, அந்த பிரிண்டரின் உண்மையான விலை என்ன என்று இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறார்கள். அந்த சாட் எல்லாம் அப்படியே கோர்ட்டில் சாட்சியாக வந்து உட்கார்ந்தது. 66 வெள்ளி நல்ல விலைதான் என்று நம்பினேன் என்று கூண்டில் நின்று சொல்வது சுலபம். அதே ராத்திரி சந்தை விலையைத் தேடிய ஆள் அதைச் சொன்னால் எந்த நீதிபதி நம்புவார்?

கணக்கைப் பாருங்கள். அவர்கள் கொடுக்க வேண்டியது 1,05,996 வெள்ளி. பொருளின் மதிப்போ 61 லட்சத்து 89 ஆயிரத்து சொச்சம். 2004-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தானியங்கி மின்னஞ்சலெல்லாம் செல்லாது என்று நீதிபதி தள்ளிவிடவில்லை. அது ஒப்பந்தம்தான் என்றார். ஆனால் எதிராளி தவறு செய்கிறார் என்று தெரிந்தே அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது. இது 1939-இலேயே லண்டனில் முடிவான சங்கதி. 30,000 அர்ஜென்டினா முயல் தோல். விற்பவர் ஒரு தோலுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டியதை ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்கு மூன்று தோல் நிற்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு விலை! வாங்கியவரும் அதே தொழிலில் இருப்பவர், அந்தத் தொழிலில் தோல் கணக்கில்தான் பேசுவார்கள். உங்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கவே முடியாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அப்படியானால் எப்போதும் கடைதான் ஜெயிக்குமா? இல்லை. 2002-இல் பிரிட்டனில் கோடக் நிறுவனம் 329 பவுண்டு கேமராவை 100 பவுண்டுக்குப் போட்டுவிட்டது. முதலில் முடியாது என்றார்கள். கையில் உறுதிப்படுத்திய மின்னஞ்சலோடு மக்கள் சண்டைக்கு வந்ததும் இறங்கி வந்து, சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். 329 கேமரா 100-க்கு வந்தால் பண்டிகைத் தள்ளுபடி என்று யாரும் நம்பலாம். 3,854 ரூபமே தெரியாமல் 66 ஆனால் யார் நம்புவார்?

என் கட்சி இதுதான்: எத்தனை வாங்கினீர்கள் என்பதே உங்கள் மனசைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று வாங்கியவர் வாடிக்கையாளர். அவருக்குக் கடை கொடுத்துவிடுவதுதான் மரியாதை, நஷ்டமானாலும் சரி. இருநூறு வாங்கியவர், அடுத்தவர் தவற்றில் வியாபாரம் பார்க்க வந்தவர். அவருக்காக நான் கண்ணீர் விட மாட்டேன்.

உடனே சிலர் கமெண்ட்டில் வருவீர்கள் என்று தெரியும். "பெரிய கம்பெனிதானே, நஷ்டப்பட்டால் என்ன?" ஒரு வகையில் நியாயம்தான். 2010 மே மாதம் ஸாப்போஸ் என்கிற அமெரிக்க இணையக் கடையின் 6பிஎம் தளத்தில் ஒரு பிழையால் எதுவுமே 49.95 டாலருக்கு மேல் போகவில்லை. ஆறு மணி நேரத்தில் 16 லட்சம் டாலர் நஷ்டம். எங்கள் தவறு என்று எல்லா ஆர்டரையும் அனுப்பினார்கள். 2019 புத்தாண்டில் கேத்தே பசிபிக் வியட்நாமிலிருந்து நியூயார்க் போகும் உயர்வகுப்பு டிக்கெட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, வாருங்கள், ஏற்றிக்கொள்கிறோம் என்றது. விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டா?

ஆனால் எல்லாத் தவறும் பெரிய கம்பெனி தவறு இல்லை. 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. பிரிட்டன் அமேசானில் விற்கும் சிறு வியாபாரிகள் பலர் ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்கிற மென்பொருளை நம்பி விலையை அதன் கையில் விட்டிருந்தார்கள். அது ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஒரு பென்னிக்கு இறக்கிவிட்டது. ஒரு பென்னி! கிறிஸ்துமஸ் நேரம் வேறு. அமேசான் நிறைய ஆர்டர்களை ரத்து செய்தது. கிடங்கிலிருந்து கிளம்பிப் போன சரக்கு போனதுதான். இவர்களிடம் போய் விலைக்கு மதிப்புக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கம்பெனிகள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. நீங்கள் தேதியை மாற்றிப் போட்டு விமான டிக்கெட் எடுத்துவிட்டால் என்ன சொல்வார்கள்? விதிமுறையைப் படித்தீர்களா, பணம் திரும்ப வராது. அவர்கள் விலையை மாற்றிப் போட்டால்? மனிதத் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு!

இதற்கு ஓரளவு நியாயமான வழியை 2015-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை சொன்னது. அதற்கு முன் ஒரு கூத்து. யுனைடெட் ஏர்லைன்ஸ் தளத்தில் நாட்டை டென்மார்க் என்று மாற்றினால் லண்டனிலிருந்து கிளம்பும் முதல் வகுப்பு டிக்கெட் நூறு டாலருக்கும் கீழே வந்தது. டென்மார்க் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களும் ஒரே நாளில் டேனிஷ்காரர்கள் ஆனார்கள். அந்த டிக்கெட்டை மதிக்க வேண்டியதில்லை என்றது துறை. பிறகு மே மாதம் பொதுவாகவே சொன்னது: தவறு என்று நிரூபித்தால் விமான நிறுவனம் ரத்து செய்யலாம், ஆனால் அந்த டிக்கெட்டை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவைத் திருப்பித் தர வேண்டும். ஹோட்டல் புக் செய்து அது திரும்பாது என்றால் அந்தப் பணமும் சேர்த்தி. எல்லா இணையக் கடைக்கும் இதையே வைக்கலாம் என்பேன். கூடவே ஒரு கெடுவும் வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு "மன்னிக்கவும்" என்று வரக்கூடாது.

உங்களுக்கு இப்படி ஒரு விலை மாட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வந்திருப்பது "ஆர்டர் கிடைத்தது" என்ற மின்னஞ்சலா, "பொருள் அனுப்பப்பட்டது" என்ற மின்னஞ்சலா பாருங்கள், ரொம்பக் கடைகள் இரண்டாவதைத்தான் ஒப்புதல் என்று எழுதி வைத்திருக்கும். கைக்கு வரும்வரை அதை நம்பி வேறு செலவு செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மறுபடி சிங்கப்பூர், 2017. கிரிப்டோ சந்தையில் இரண்டு பக்கமும் கணினி நிரல்கள். ஒரு பக்கத்து நிரலை எழுதியவர், சந்தைத் தகவல் கிடைக்காமல் போனால் என்று ஈதர் என்கிற கிரிப்டோ நாணயம் ஒன்றுக்கு 10 பிட்காயின் என்று எதற்கும் இருக்கட்டும் என எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் சந்தையின் கணினி அமைப்பு பழுதாக, அதே விலைக்கு வியாபாரம் நடந்தேவிட்டது. சந்தை விலையைப் போல சுமார் 250 மடங்கு! விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தவறு என்று யாருக்குத் தெரிந்திருந்தது? வியாபாரம் நடந்தபோது மனிதர் யாரும் அங்கே இல்லையே. அதனால் நிரலை எழுதியபோது எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்று பார்த்தார்கள். அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அவர் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது.

இனி உங்களுக்காக ஏஐ உதவியாளரே விலை தேடி, தானே ஆர்டரும் போடும் காலம். அது தவறான விலை என்று புரிந்துகொண்டே முந்நூறு வாங்கிவிட்டால், தெரிந்தே வாங்கியது யார்? நீங்களா, அதைச் செய்த கம்பெனியா? வக்கீல் நண்பர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கமெண்ட்டில் வந்து அடித்துக்கொள்ளுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.