கல்லறைக் கல்லே வேண்டாம்னு சொன்னவருக்கு நூறு மீட்டர் சுவர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஜெனீவான்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஐநா மனித உரிமைப் பேரவைதான், மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் நியூஸ்ல அடிபடுற ஊரு. நான் இன்னிக்குப் பேசப்போறது அந்த ஊர்ல இருக்கிற ரெண்டு நினைவுச்சின்னத்தைப் பத்தி. ஒண்ணு ரொம்பப் பெருசு, இன்னொண்ணு ரொம்பச் சின்னது. ரெண்டுமே ஜான் கால்வினோட சம்பந்தப்பட்டது.

கால்வின் பிரான்ஸ்காரர், 1509ல பொறந்தவர், சட்டம் படிச்சவர். 1536ல ஜெனீவாவுக்கு வர்றார், ரெண்டு வருஷத்துல ஊரை விட்டே வெளியே அனுப்பிடறாங்க, அப்புறம் 1541ல அவங்களே கூப்பிட்டு வரவைக்கிறாங்க, அதுல இருந்து 1564ல சாகுற வரைக்கும் அந்த ஊர்தான். ஜெர்மனில லூதர் கத்தோலிக்க சபையை எதிர்த்து ஆரம்பிச்ச புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துல அடுத்த தலைமுறையோட பெரிய மூளைன்னு இவரைத்தான் சொல்லணும். சர்ச்சுல சிலை கூடாது, படம் கூடாதுங்கிறதுல ரொம்பக் கறாரானவர். அவர் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1535ல, ஜெனீவா ஜனங்க சர்ச்சுங்களுக்குள்ள போய் சிலைங்களை உடைச்சுத் தள்ளிட்டாங்க. தனக்கும் அதே கணக்குதான் வச்சிருந்தார். நான் செத்தா எந்த ஆடம்பரமும் வேண்டாம், கல்லறை மேல கல்லு கூட வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனார், அப்படியே பொதுக் கல்லறையில அடக்கம் பண்ணாங்க, அதனால அவரைப் புதைச்ச எடம் எதுன்னு இன்னிக்கு யாராலயும் சரியா காட்ட முடியாது. இப்ப அங்க ஒரு எடத்துல ஜே.சி.ன்னு ரெண்டு எழுத்தோட ஒரு சின்னக் கல்லு இருக்கு, அது பின்னாடி வந்தவங்க குத்துமதிப்பா வச்சது.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு 1909ல, அவரோட 400வது பிறந்த வருஷத்துல, அதே ஊர்ல பாஸ்தியோன் பூங்காவுல அடிக்கல் நாட்டுறாங்க, 1917ல முடிக்கிறாங்க, சுமார் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர், ஊரோட பழைய கோட்டை மதிலை ஒட்டியே கட்டினது. நடுவுல நாலு பேரு, ஒவ்வொருத்தரும் அஞ்சு மீட்டர் உயரம். கால்வினை ஜெனீவாவுல இருக்க வச்ச ஃபாரெல், கால்வின், அவருக்கு அப்புறம் சபையை நடத்தின பேஸா, ஸ்காட்லாந்துல சீர்திருத்தத்தைக் கொண்டுபோன ஜான் நாக்ஸ். நீளமான அங்கி, நீளமான தாடி, கையில புஸ்தகம், நாலு பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல்ல நிப்பாங்க. செதுக்கினவங்க ரெண்டு பேர், ஆன்றி பூஷார், போல் லாந்தோவ்ஸ்கி. இந்த லாந்தோவ்ஸ்கிதான் பின்னாடி பிரேசில்ல ரியோ மலை மேல கையை விரிச்சு நிக்கிற இயேசு சிலையையும் வடிவமைச்சவர்! சுவர்ல பெரிய எழுத்துல லத்தீன்ல இருளுக்குப் பின் ஒளின்னு எழுதியிருக்கும், அது ஜெனீவா ஊரோட வாசகம்.

அந்த நாலு பேர்ட்ட மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க, ரெண்டு பக்கமும் நடந்து பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பிரான்ஸ்ல புராட்டஸ்டன்டுகளுக்காக நின்ன கொலின்யி, நெதர்லாந்து வில்லியம், ஹங்கேரிக்காரர் போச்கை, இங்கிலாந்து க்ராம்வெல், இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆள். நடுநடுவுல புடைப்புச் சிற்பங்கள். ஒண்ணுல 1620ல மேஃபிளவர் கப்பல்ல அமெரிக்கா போன கூட்டம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுது. இதுல நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அந்தக் கூட்டம் குடியேறின நியூ இங்கிலாந்துப் பகுதி சபைகளோட வாரிசுங்க 1810ல ஆரம்பிச்ச அமெரிக்கன் போர்டுங்கிற மிஷன் சங்கம்தான் 1816ல யாழ்ப்பாணத்துக்கும் அப்புறம் மதுரைக்கும் மிஷனரிகளை அனுப்பிச்சது, வட்டுக்கோட்டை செமினரியும் மதுரை அமெரிக்கன் காலேஜும் அந்த வழியில வந்ததுதான். நம்ம ஊர்ப் படிப்போட ஒரு வேர் அந்தச் சுவர்ல இருக்குன்னு நினைக்கிறப்ப எனக்கு உண்மையாவே மனசு நெகிழும்.

அதே வரிசையில ரோஜர் வில்லியம்ஸுக்கும் சிலை இருக்கு. அமெரிக்காவுல ரோட் ஐலண்டை உருவாக்கி, யாரு எந்த மதத்துல இருந்தாலும் அரசாங்கம் அவன் மனசாட்சியில கை வைக்கக்கூடாதுன்னு சொன்னவர். அவரை அங்க நிறுத்தினதோட அர்த்தம் என்னன்னா மனசாட்சி சுதந்திரமும் இந்தச் சீர்திருத்தத்தோட பலன்தான்னு அந்தச் சுவர் உரிமை கொண்டாடுது. கொண்டாடட்டும், அதுல உண்மை இருக்கு. ஆனா அப்படிச் சொல்றப்ப ஜெனீவாவுலயே நடந்த ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா, அது அந்தப் பூங்காவுல எங்கயுமே இல்ல.

அதுக்கு நீங்க ஊரோட இன்னொரு பக்கம், ஷாம்பெல்னு ஒரு ஏரியாவுக்குப் போகணும், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல. மரத்தடியில ஒரு கல்லு. 1553 அக்டோபர் 27ந்தேதி மிக்கேல் செர்வெட்டஸ்ங்கிற ஸ்பெயின்காரரை உயிரோட எரிச்சது அந்தப் பகுதியிலதான். அவர் ஒரு டாக்டர், நெஞ்சுல இருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி வருதுன்னு ஐரோப்பாவுல முதல்ல அச்சுல எழுதினவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற திரித்துவத்தை ஏத்துக்கல, குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் தப்புன்னார், அதுதான் குத்தம். பிரான்ஸ்ல கத்தோலிக்க விசாரணைக்காரங்க கிட்ட மாட்டி, ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஜெனீவா வந்து, அங்க சர்ச்சுல அடையாளம் தெரிஞ்சு போச்சு. பிடிக்கச் சொன்னது கால்வின். தீர்ப்பு சொன்னது ஊர் கவுன்சில். எரிக்க வேண்டாம், தலையை வெட்டிடுங்கன்னு கால்வின் கேட்டார், கவுன்சில் கேக்கல. இதைச் சொல்லி அவரைக் காப்பாத்தப் பாக்குறவங்க உண்டு, எனக்கு அது பத்தாது, சாவு வேண்டாம்னு அவர் சொல்லவே இல்லையே. செர்வெட்டஸோட புஸ்தகத்தையும் கூடவே எரிச்சாங்க, அதுல மூணு பிரதிதான் இன்னிக்கு மிச்சம்.

அந்தக் கல்லை 1903ல, 350 வருஷம் கழிச்சு, வச்சது யாருன்னா கால்வினோட வழியில வந்தவங்களே. ஒரு பக்கம் செர்வெட்டஸ் பேரும் செத்த தேதியும். இன்னொரு பக்கம், நாங்க கால்வினோட நன்றியுள்ள பிள்ளைங்க, ஆனா அவரோட காலத்தோட தப்பா இருந்த அந்தத் தப்பைக் கண்டிக்கிறோம், மனசாட்சி சுதந்திரத்துல உறுதியா இருக்கோம், அதனால இந்தப் பரிகாரக் கல்லை வைக்கிறோம்னு. தன்னோட குருவை மதிச்சுக்கிட்டே அவர் செஞ்சது தப்புன்னு கல்லுல வெட்டி வைக்கிறது சாதாரணம் இல்லீங்க, எத்தனை ஊர்ல எத்தனை தலைவருக்குச் சிலை இருக்கு, எதுல இப்படி ஒரு வரி இருக்கு சொல்லுங்க. இருந்தாலும் காலத்தோட தப்புன்னு போட்டதை நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா அந்தக் காலத்துலயே ஒருத்தர் எதிர்த்தார், செபாஸ்டியன் காஸ்டெல்லியோ, ஜெனீவாவுல பள்ளிக்கூடத்தை நடத்தினவர், கால்வினோட ஒத்துப்போகாம இன்னொரு சுவிஸ் ஊரான பாசலுக்குப் போய்க் கஷ்டப்பட்டவர். ஒரு மனுஷனைக் கொல்றது ஒரு கொள்கையைக் காப்பாத்துறது ஆகாது, அது ஒரு மனுஷனைக் கொல்றதுதான்னு எழுதினார்.

செர்வெட்டஸுக்குன்னு ஒரு சிலையை க்ளோதில்ட் ரோக்னு ஒரு அம்மா செஞ்சாங்க, ஜெயில்ல மெலிஞ்சு கந்தல் துணியோட உக்காந்திருக்கிற மாதிரி. ஜெனீவா அதை ஏத்துக்கல. எல்லையைத் தாண்டினதும் இருக்கிற பிரெஞ்சு ஊரு அன்மாஸ்ல 1908ல வச்சாங்க. ரெண்டாம் உலகப்போர்ல, ஜெர்மனிக்கு ஒத்துழைச்ச பிரான்ஸோட விஷி அரசாங்கம் அதைப் பிடுங்கி உருக்கிடுச்சு. 1960ல திரும்ப வார்த்து வச்சாங்க. ஜெனீவாவுல அதோட பிரதி ஒண்ணு 2011லதான், அவர் பொறந்து 500 வருஷம் ஆனப்ப, அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே வந்துச்சு. மறுத்த ஊரே நூறு வருஷம் கழிச்சு வச்சது, அதைப் பாராட்டணும்.

ஆனா டூரிஸ்ட் பஸ் நிக்கிறது பாஸ்தியோன்லதான், ஷாம்பெலுக்கு வர்றவங்க கம்மி. அதான் என் ஆதங்கம். சுவர் மேல இனி கை வைக்கக்கூடாதுன்னும் ஒண்ணும் இல்ல, 2002ல புதுசா நாலு பேரோட பேரை வெட்டியிருக்காங்க, லூதருக்கு முன்னாடியே சபையைத் திருத்தப் பாத்த வால்டோ, விக்ளிஃப், ஹஸ், அவங்களோட மரி தாந்தியேர். இந்த மரி, பொம்பளைங்களும் வேதத்தைப் பத்திப் பேசலாம்னு 1539ல எழுதினவங்க, ஜெனீவா அதிகாரிங்க அந்தப் புஸ்தகத்தைப் பறிமுதல் பண்ணாங்க, அந்தச் சுவர்ல இருக்கிற ஒரே பெண் பேரு அவங்களோடதுதான். அவங்க பேருக்கு எடம் கிடைச்ச மாதிரி காஸ்டெல்லியோ பேருக்கும் கிடைக்கணும், அதுவும் ஓரத்துல வேண்டாம், கால்வின் பேர் இருக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே வெட்டணும், ஷாம்பெலுக்கு எப்படிப் போறதுன்னு கீழ ஒரு பலகையும் வைக்கணும்.