கழுத்து குனிந்தால் கடி மாறும்

எல்லோரும் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருங்கள். பற்களை மெதுவாக டக் டக்கென்று தட்டிப் பாருங்கள். எந்தப் பல் முதலில் படுகிறது? சரி, இப்போது தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி தட்டுங்கள். அப்புறம் நன்றாகக் குனிந்து ஒரு முறை. பலருக்கு இடம் மாறியிருக்கும்: அண்ணாந்தால் கடைவாய்ப் பக்கம், குனிந்தால் முன்பற்கள் பக்கம். மேல்பற்களும் கீழ்ப்பற்களும் இப்படிச் சேரும் விதத்தைத்தான் கடி என்கிறோம்.

பல் எதுவும் நகரவில்லை. மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டியது. கீழ்த்தாடையோ காதுக்கு முன்னால் இரண்டு மூட்டுகளில் தொங்குகிறது. அதை நிறுத்தி வைப்பது தசைகள்தான். கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைத்து வருகிறதே, அது மாசெட்டர். நெற்றிப்பொட்டில் துடிப்பது டெம்போராலிஸ். இவை தாடையை மேலே இழுக்கும். கீழே இழுக்கும் தசைகளில் பல, தொண்டைக்கு மேலிருக்கும் நாவடி எலும்பைப் பிடித்திருக்கின்றன. வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராத விசித்திரமான எலும்பு அது. அங்கிருந்து மார்பெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் தசைகள் இறங்குகின்றன. ஆகவே கழுத்தை முன்னால் நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தசைகள் இழுபட்டு, தாடையும் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. கூடவே 4, 5 கிலோ எடையுள்ள தலையைப் பிடரித் தசைகள் நாள் முழுக்கத் தாங்க வேண்டும்.

நரம்பிலும் உறவு உண்டு. முகத்திலிருந்தும் பல்லிலிருந்தும் வரும் வலிச் செய்தியும், மேல்கழுத்திலிருந்து வருவதும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. மூளைக்கே குழப்பம். அதனால்தான் கழுத்தில் கோளாறு இருக்க, பொட்டில் வலிக்கும்.

பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் மிகக் குறைவு. மெல்லுவதும் விழுங்குவதுமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 நிமிடம், அவ்வளவுதான். மற்ற நேரம் உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இப்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன? வேலை மும்முரத்தில் மணிக்கணக்காகக் கடித்துக்கொண்டே இருப்பவருக்குத் தாடை வலிப்பதில் ஆச்சரியமில்லை. கோணல் பல்லைவிட இந்தப் பழக்கத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

1934இல் கோஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், காதுவலி, தலைவலி, தலைச்சுற்றல் எல்லாவற்றுக்கும் கடி தாழ்ந்துபோனதே, அதாவது தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதே காரணம் என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஆசை போகவில்லை: கடியைச் சரிசெய்தால் முதுகு நிமிரும், இடுப்புச் சாய்வு போகும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. தாடைக்கும் கழுத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அதற்குக் கீழே இடுப்பு, கால் என்று இறங்க இறங்க ஆதாரம் மெலிந்துவிடுகிறது. முதுகுவலிக்காகப் பல்லை ராவச் சம்மதிக்காதீர்கள்; ராவிய எனாமல் திரும்ப வளராது. இரவில் பற்களின் மேல் போடும் தகடு என்றால் பரவாயில்லை, ஒத்துவராவிட்டால் கழற்றி வைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் விரல்கள் மூன்றைச் சேர்த்து, செங்குத்தாக முன்பற்களுக்கிடையே நுழையுங்கள். பெரும்பாலும் நுழையும். இரண்டுகூட நுழையவில்லை, அல்லது திறந்த வாய் மாட்டிக்கொள்கிறது என்றால், கழுத்துப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.