கோலெட்டி எங்கே? ஊரே தேடிய துப்பறிவாளர்

[திரையில்: கறுப்பு வெள்ளையில் பெர்லின் தெரு. டிராம், குதிரை வண்டி, மாடி பஸ்.]

குற்றவாளியைப் பிடிக்கத் தாமதம் செய்தார் என்று ஒரு துப்பறிவாளருக்குப் பத்திரிகையில் திட்டு விழுகிறது. ஆளின் அடையாளமெல்லாம் வெளியான பிறகும் ஒருவன் எப்படி இவ்வளவு நேரம் நடமாட முடியும் என்று கேட்டு ஒரு பகிரங்கக் கடிதம். இவர் மறுப்பு எழுதியிருக்கலாம், வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் ரோஷக்காரர். "முடியும். வேண்டுமானால் என்னையே தேடிப் பிடியுங்கள் பார்ப்போம்" என்று ஊருக்கே சவால் விடுகிறார். கெடு 48 மணி நேரம். பிடிப்பவருக்குப் பரிசு 1,00,000 மார்க்.

[திரையில்: தலைப்பு. கோலெட்டி எங்கே? 1913.]

'வோ இஸ்ட் கோலெட்டி?' ஜெர்மன் மௌனப்படம். இயக்கியவர் மாக்ஸ் மாக். தயாரிப்பு, பெர்லினில் இருந்த விட்டாஸ்கோப் நிறுவனம். துப்பறிவாளர் ஜான் கோலெட்டியாக ஹான்ஸ் யுங்கர்மன். அவருடைய காதலி லோலோட்டாக, மேடையில் பாடிப் புகழ்பெற்ற மேட்ஜ் லெஸ்ஸிங்.

அந்தப் பரிசுத் தொகையை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம். அன்றைய ஜெர்மனியில் ஒரு தொழிலாளி வருடம் முழுக்க உழைத்தால் கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம் மார்க். அப்படியானால் ஒரு லட்சம் என்பது அவனும் அவன் பேரனும் சேர்ந்து உழைத்தாலும் தொட முடியாத காசு. ஊரே வேலையை விட்டுவிட்டுத் தெருவில் இறங்குவதில் ஆச்சரியம் என்ன?

இனி கோலெட்டி ஓடி ஒளிய வேண்டும், இல்லையா? சாதாரணப் படமாக இருந்தால் ஒட்டுத்தாடி, கிழவன் வேஷம், நிலவறை என்று போயிருக்கும். இவர் அதற்கு நேர்மாறாக ஒன்று செய்கிறார். ஆன்டன் என்கிற முடிதிருத்துபவரைப் பிடித்து, தன்னைப் போலவே அச்சு அசலாக ஒப்பனை போட்டு, பட்டப்பகலில் ஊருக்குள் அனுப்பிவிடுகிறார்.

[திரையில்: மாடி பஸ். பின்னால் ஓடும் கூட்டம்.]

அப்புறம் நடப்பதுதான் படத்தின் கொண்டாட்டம். பஸ்ஸில் ஒருவர் இருக்கிறார், சுவரொட்டியில் பார்த்த அதே முகம். ஒருவன் கத்துகிறான், பத்துப் பேர் ஓடுகிறார்கள், பத்து நூறாகிறது. ஆகாயத்தில் போகும் ஜெப்பெலின் என்கிற வான்கப்பல் வரைக்கும் கதைக்குள் இழுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அட்டைச் செட்டுக்குள் எடுக்கவில்லை, நிஜமான பெர்லின் தெருக்களில் எடுத்திருக்கிறார்கள். அந்த ஊரை முதல் உலகப்போருக்கு முந்தைய வருடம் எப்படி இருந்ததோ அப்படியே பார்க்கலாம். எனக்கு இதற்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றும்.

சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகத்தை எவ்வளவு பேருக்குக் காட்டுகிறீர்களோ, அவ்வளவு சுலபமாக ஆள் தப்பிவிடுகிறான். ஏனென்றால் கூட்டம் தேடுவது கோலெட்டியை அல்ல, சுவரொட்டியில் இருக்கும் படத்தை. அந்தப் படம் மாதிரி ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால், நிஜ ஆள் பக்கத்தில் வந்து நின்று மணி கேட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

இது வெறும் கற்பனை என்று பெர்லின்காரர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு வருடம் முன்னால்தான் அவர்கள் இதைவிடப் பெரிய கூத்தைப் பார்த்திருந்தார்கள்.

[திரையில்: கோப்பெனிக் நகரமன்றக் கட்டடம்.]

1906 அக்டோபர் 16. வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்று ஒரு செருப்புத் தைப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பலமுறை சிறை போனவர். பழைய துணிக் கடைகளில் ஒரு ராணுவ கேப்டனின் சீருடையைத் துண்டு துண்டாக வாங்கி மாட்டிக்கொண்டார். தெருவில் போன சிப்பாய்களை நிறுத்தி "என் பின்னால் வாருங்கள்" என்றார், வந்தார்கள். பெர்லினை ஒட்டியிருந்த கோப்பெனிக் நகரமன்றத்துக்குள் நுழைந்து மேயரைக் கைது செய்து, கஜானாவிலிருந்து மூவாயிரத்து ஐநூறு மார்க்குக்கு மேல் எடுத்துக்கொண்டு, அதற்கு ரசீதும் எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பத்து நாள் கழித்துத்தான் பிடிபட்டார். நாடே சிரித்தது. 1908இல் பேரரசரே அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

உடுப்பைப் பார்த்து சல்யூட் அடித்த அதே ஊர்தான், இப்போது திரையில் தாடி மீசையைப் பார்த்து ஓடுகிறது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இந்தக் கதையை எழுதியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிரான்ஸ் ஃபோன் ஷோன்தான், ஜெர்மன் மேடையில் பெயர்பெற்ற நகைச்சுவை நாடகாசிரியர். அதுவரை சினிமா என்றால் திருவிழாக் கொட்டகைச் சமாச்சாரம் என்று மூக்கைச் சுளித்த மேடைக்காரர்கள் 1913இல்தான் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். புகைப்படத்துக்குக்கூட முகம் கொடுக்காத பெரிய நடிகர் ஆல்பர்ட் பாஸர்மனை அதே வருடம் கேமரா முன்னால் நிறுத்தியவரும் இதே மாக்ஸ் மாக்தான். அது கனமான படம், விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். ஆனால் இன்று உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் நான் கோலெட்டி பக்கம்தான் போவேன்.

அடுத்த வருடமே ஸ்டுவர்ட் வெப்ஸ், பிறகு ஜோ டீப்ஸ் என்று ஆங்கிலப் பெயர் வைத்த ஜெர்மன் துப்பறிவாளர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். அவர்கள் எல்லாரும் குற்றவாளியைத் தேடினார்கள். தேடப்படுகிறவராகத் தானே போய் நின்றது கோலெட்டி.

[திரையில்: தெருமுனையில் தடித்த விளம்பரத் தூண். சுற்றிலும் சுவரொட்டிகள்.]

இந்தத் தூணைப் பாருங்கள். கண்ட சுவரிலெல்லாம் காகிதம் ஒட்டுகிறார்களே என்று எரிச்சலடைந்து, எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் என்ற அச்சகக்காரர் 1855இல் பெர்லினில் நட்ட ஏற்பாடு. நாடக விளம்பரம், போலீஸ் அறிவிப்பு எல்லாம் இதன் மேல்தான். இன்றும் ஜெர்மனியில் இவற்றுக்கு அவர் பெயர்தான்.

மாக்ஸ் மாக் யூதர். 1933இல் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்து போனார். 1973இல் லண்டனில் இறந்தார்.

அவர் கிளம்புவதற்கு இரண்டு வருடம் முன்பு, பெர்லினில் இன்னொரு படம் வெளிவந்தது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்'. இப்போது பேசும்படக் காலம். அதிலும் இதே மாதிரித் தூண், அதில் ஒரு சுவரொட்டி: 10,000 மார்க் பரிசு. தேடப்படுகிறவன் குழந்தைகளைக் கொல்பவன். ஊரே சந்தேகக் கண்ணோடு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள் ஒரு சிறுமி. சுவரொட்டியின் மேல் ஒரு மனித நிழல் வந்து விழுகிறது.

[திரையில்: தூண். வெறும் தூண். ஐந்து விநாடி. பின்னணி ஒலி இல்லை.]